எதிர்ச்சாரி

துண்டு எட்டவில்லை. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு முனைகளையும் வலப்பக்க இடுப்புக்குக் கொண்டுவந்தான் ராதிம். செருகுவதற்கு ஒரு விரற்கடை துணிதான் மிஞ்சியது. மூச்சை விட்டதும் அதுவும் அவிழ்ந்துகொண்டது. மறுபடி இழுத்துப் பிடித்தான். பக்கத்து லாக்கரில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்த லுபோஷ் திரும்பிப் பார்த்து, சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினான்.

"ரெண்டு மணி நேரமும் மூச்சு விடாமயே இருந்துருவியா?"

"உனக்கென்ன, உன் துண்டு ரெண்டு சுத்து வருது."

"இரு, கவுண்டர்ல பெருசா ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வரேன்."

"வேணாம்டா. யானை ஒண்ணு வந்திருக்குன்னு ஊரக் கூட்டிச் சொல்லாத."

லுபோஷ் அதற்குள் போயிருந்தான். லாக்கர் வரிசையின் முடிவில் நின்று ராதிம் எட்டிப் பார்த்தான். கவுண்டரில் இருந்த மொட்டைத் தலைக்காரனிடம் லுபோஷ் ஜெர்மனில் ஏதோ சொன்னான். அவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, லுபோஷ் மேசையைத் தட்டிச் சிரித்தான். ராதிமுக்கு ஜெர்மன் தெரியாது. துண்டு பெரியதாகத்தான் கிடைத்தது, நன்றாகவே சுற்றியும் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு என்னவாக இருக்கும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து இடுப்பில் ஏறிக்கொண்டது.

செக் நாட்டின் ப்ர்னோ நகரத்தில் ராதிம் இருபத்தாறு வருடமாக ட்ராம் ஓட்டுகிறான். லுபோஷ் ஆஸ்திரியக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தொலைபேசியில் பேசுகிற வேலை பார்க்கிறான். பதினேழு வருடமாக ஒரே வீடு, ஒரே கட்டில். காலை எட்டிலிருந்து நான்கு வரை லுபோஷின் அறைக்கதவு சாத்தியிருக்கும். விடுமுறை நாளில் ராதிம் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரலைக் கேட்பான். செக் மொழியில் லுபோஷ் அளந்து பேசுகிறவன். நான்கு வார்த்தை கேட்டால் ஒன்று கிடைக்கும். ஜெர்மனில் அவன் வேறு ஆள். குரல் ஏறி இறங்கும், கிண்டல் வரும், முகம் தெரியாத யாரோ ஒரு கிழவியைச் சிரிக்க வைத்துவிட்டுத் தானும் சிரிப்பான். கதவைத் திறந்து வெளியே வரும்போது அந்த ஆளை உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிடுவான். கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பவன்மேல் ராதிமுக்கு ஒரு பொறாமை வெகுநாளாக இருந்தது. தன் வீட்டுக்காரனுக்காக அவன்மீதே பொறாமைப்படுவதை யாரிடம் போய்ச் சொல்ல?

ராதிமின் ஐம்பதாவது பிறந்தநாளன்று லுபோஷ் ஒரு உறையை நீட்டினான். வியன்னாவுக்கு இரண்டு ரயில் டிக்கெட், சனிக்கிழமைக்கு. இசை நிகழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்து ராதிம் கறுப்புக் கால்சட்டையை இஸ்திரி போட்டு வைத்தான். ரயில் எல்லை தாண்டிய பிறகுதான் லுபோஷ் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான், ஆணை விரும்பும் ஆண்கள் கூடுகிற நீராவிக் குளியலிடம், கே சவுனா ஒன்றுக்குப் போகிறோம் என்று.

"ஏன், ப்ர்னோல இல்லாத சவுனாவா?"

"ப்ர்னோல உன் ட்ராம்ல ஏறுறவன் எவனாவது துண்டோட எதுக்க வந்து நிப்பான்னு நீதான பயப்படுவ."

அது உண்மைதான். இரண்டு பேருமே இதுவரை அப்படி ஓர் இடத்துக்குப் போனதில்லை. ராதிமுக்கு வெட்கம். லுபோஷுக்கு ஏன் என்று அவன் சொன்னதில்லை. ரயிலிலேயே நிபந்தனை பேசிக்கொண்டார்கள். பார்க்கலாம், தொடுவது கிடையாது. ஒருத்தன் 'போலாம்' என்று சொன்னால் இரண்டு பேரும் கிளம்பிவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. இரண்டாவதை ராதிம்தான் போட்டான். லுபோஷ் உடனே தலையாட்டினான். அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதும் ராதிமுக்கு உறுத்தியது.

படியிறங்கிக் கீழே போனால் ராதிம் பயந்ததுபோல் சிவப்பு விளக்கோ அதிரும் பாட்டோ இல்லை. தரை துடைக்கும் மருந்தின் வாசனை வந்தது. மூலையில் ஒரு ரப்பர் செடி தொட்டியில் வாடிக்கொண்டிருந்தது. பாரில் சூப்பும் பியரும் விற்றார்கள். இடுப்பு எலும்பு மாற்றிய தழும்போடு ஒருவர் செய்தித்தாளின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். தாடிக்காரர் இருவர் எதையோ பற்றிச் சலித்துப் பேசிக்கொண்டார்கள், வீட்டு உரிமையாளரைப் பற்றியாக இருக்கலாம். நகராட்சி நீச்சல்குளத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான் ராதிமுக்குத் தெரிந்தது. இங்கே எல்லோரும் ஏறிட்டுப் பார்த்தார்கள். கண்கள் வந்தன, அவன்மேல் ஒரு கணம் தங்கின, அப்படியே வழுக்கிக்கொண்டு லுபோஷிடம் போய் நின்றன. ஐம்பத்து நாலு வயதிலும் லுபோஷுக்கு நீச்சல்காரனின் தோள்கள். நரைத்த மார்பு முடி அவனுக்கு அழகாகவே இருந்தது. பதினேழு வருடமாகத் தினமும் பார்த்துப் பழகிப்போன உடம்பை, ஊரான் பார்த்த பிறகுதான் ராதிமும் பார்த்தான்.

சூடான மரக்கொட்டகைக்குள், கற்கள் காயும் அடுப்புக்கு எதிரே, இருவரும் மேல்பலகையில் உட்கார்ந்தார்கள். சுருட்டை முடிக்காரன் ஒருவன், முப்பத்தைந்து இருக்கும், கீழ்ப்பலகையிலிருந்து எழுந்து லுபோஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏதோ கேட்டான். லுபோஷ் பதில் சொன்னான். அவன் சிரித்தான்.

"என்ன கேட்டான்?"

"கல்லு மேல தண்ணி ஊத்தட்டுமான்னு."

"அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஊத்து, ஆனா எங்கூட வந்தவர் வெந்து போனா ப்ர்னோல ட்ராம் நின்னுரும்னேன்."

"என்னைய வெச்சுத்தான் உனக்கு அவன்கிட்டப் பேச்சா?"

"ராதிம், கல்லுல தண்ணிதான ஊத்துனான்."

சுருட்டைக்காரன் வாளியில் தண்ணீர் அள்ளி மறுபடி ஊற்றினான். புஸ்ஸென்று எழுந்த சூடு ராதிமின் காது மடல்களைக் கடித்தது. லுபோஷ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மூடிய கண்களில் எங்கேயோ போய்விட்டவனின் நிம்மதி தெரிந்தது. தன்னை ஏன் இவன் இங்கே கூட்டிக்கொண்டு வந்தான்? இவன் உடம்பை நான்கு பேர் பார்க்க, அதை ராதிம் பார்க்க வேண்டும் என்பதற்கா? ராதிம் இறங்கி வெளியே போனான்.

நீராவி அறைக்குள் கை நீட்டினால் கை தெரியவில்லை. தடவித் தடவி ஓர் ஓரத் திண்டில் உட்கார்ந்தான். யூகலிப்டஸ் நெடி மூக்கில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு கை மெதுவாக அவன் முழங்காலின்மேல் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் அங்கேயே இருந்தது.

"வேண்டாங்க," என்றான் ராதிம், செக்கில். வேறு மொழி அவனிடம் இல்லை.

கை உடனே எடுக்கப்பட்டது. அந்த மனிதர் இரண்டு வார்த்தை சொன்னார். மன்னிப்பாகவும் இருக்கலாம், வாழ்த்தாகவும் இருக்கலாம். தோளை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு ஆவிக்குள் கரைந்து போனார்.

ராதிம் துண்டை இறுக்கிச் செருகிக்கொண்டான். பயத்தால் அல்ல. பல வருடங்களாக எவரும் தன்னைக் கேட்டதில்லை, இன்று ஒருவர் கேட்டுவிட்டார், அவனும் மறுத்துவிட்டான். இரண்டுமே அவனுக்குப் பெருமையாக இருந்தன. இதை லுபோஷிடம் எப்படிச் சொல்வது என்று அங்கேயே ஒத்திகை பார்த்தான். சும்மா, போகிறபோக்கில், 'அங்க ஒருத்தர் என் கால்ல கை வெச்சாரு' என்று ஆரம்பிக்க வேண்டும். பேரைக்கூடக் கேட்கவில்லை என்று சேர்த்துக்கொள்ளலாம். லுபோஷின் முகம் ஒரு கணமாவது கறுக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்கு ஆசைப்பட்டு எழுந்து வெளியே வந்தான்.

மரக்கொட்டகையில் லுபோஷ் இல்லை. சுருட்டைக்காரனும் இல்லை.

சின்ன நீச்சல் தொட்டியில் பார்த்தான். சாய்வு நாற்காலிகளில் பார்த்தான். மாடிக்குப் போகிற படியில் ஏறினான். மேலே நீண்ட நடைவழியின் இருபுறமும் சின்னச் சின்ன அறைகள். சில கதவுகள் திறந்திருந்தன, சில சாத்தியிருந்தன. சாத்திய கதவு ஒன்றின் கீழ் இரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. லுபோஷின் செருப்பா என்று குனிந்து பார்த்தான். எல்லோருக்கும் ஒரே சாம்பல்நிறச் செருப்பைத்தான் கவுண்டரில் கொடுத்திருந்தார்கள். உள்ளே யாரோ மெல்லச் சிரித்தார்கள். லுபோஷ் ஜெர்மனில் சிரிக்கிற சிரிப்பு அது என்று ராதிமின் காது முடிவு கட்டிவிட்டது. தட்டலாமா என்று கை தூக்கினான். அதற்குள் கதவு திறந்து, பாரில் செய்தித்தாளோடு இருந்தவரின் வயதுக்காரர்கள் இருவர் வெளியே வந்தார்கள். தூக்கிய கையோடு நின்றவனைப் பார்த்து, வணக்கம் சொல்கிறான் என்று நினைத்தோ என்னவோ, அவர்களும் கை தூக்கிவிட்டுப் போனார்கள்.

லுபோஷ் பாரில்தான் இருந்தான்.

மூலை மேசையில், எண்பதைத் தொடப்போகிற ஒரு கிழவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். கிழவர் வெள்ளை அங்கி போட்டு, கழுத்தில் சங்கிலியோடு, ராஜா மாதிரி சாய்ந்திருந்தார். லுபோஷ் பேசிக்கொண்டிருந்தான். கை வீசிப் பேசவில்லை, கிண்டல் இல்லை. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதுபோல் பேசினான். அவன் கன்னம் ஈரமாக இருந்தது. வியர்வை என்றுதான் ராதிம் முதலில் நினைத்தான். கிழவர் மேசையின் குறுக்கே கை நீட்டி லுபோஷின் மணிக்கட்டைப் பிடித்தார். லுபோஷின் தோள் குலுங்கியது.

மேலே அந்தச் சாத்திய கதவுக்குள் இவனைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அதற்கென்றால் சண்டை போடலாம், அழலாம், ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு மன்னிக்கலாம். அதற்கெல்லாம் மனசைத் தயார் பண்ணிக்கொண்டுதான் ராதிம் படியிறங்கி வந்திருந்தான். பதினேழு வருடத்தில் லுபோஷ் அழுது அவன் பார்த்தது ஒரே ஒரு முறை, நாய் செத்தபோது. தன் அம்மாவின் சவ அடக்கத்தில்கூட லுபோஷ் கல்லாக நின்றான். அன்றிரவு ராதிம்தான் அவனுக்கும் சேர்த்து அழுதான். இப்போது பெயர் தெரியாத ஒரு கிழவருக்கு, புரியாத ஒரு மொழியில், எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருக்கிறான். ராதிம் நான்கடி தூரத்தில் நின்று காதைத் தீட்டினான். அந்தப் பேச்சு முழுவதிலும் அவனுக்குப் பிடிபட்டது ஒரு வார்த்தைதான், அது இரண்டு தடவை வந்தது. கமில்.

"போலாம்," என்றான் ராதிம்.

லுபோஷ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "பத்து நிமிஷம் குடு, ராதிம்."

"போலாம்னு சொன்னேன்."

"இவரு பேரு போல்டி. இந்த இடம் தொறந்ததிலேர்ந்து வர்றவரு. உக்காரு, சொல்றேன்."

"உக்கார், உக்கார்," என்றார் கிழவரும், உடைந்த செக்கில், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு. அவருக்கு அந்த மொழியில் அது ஒன்றுதான் தெரியும் போலிருந்தது. கண்ணில் கனிவு இருந்தது. அந்தக் கனிவுதான் ராதிமுக்குப் பொறுக்கவில்லை.

நேராக லாக்கருக்குப் போனான். ஈரத்தோடேயே கறுப்புக் கால்சட்டையை மாட்டினான். வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது வெயில் கண்ணை அடித்தது. மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை. உலகத்தில் எல்லோரும் சாதாரணமாகச் சனிக்கிழமைச் சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள். ரயில் நிலையத்துக்கே போய்விடலாம் என்று இரண்டு தெரு நடந்தான். டிக்கெட் லுபோஷின் பையில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொண்டு போகக்கூட வழியில்லாத தன் நிலைமையை நினைத்துக்கொண்டே திரும்பி வந்து, சவுனாவுக்கு எதிர்ச்சாரியில், குழந்தை வண்டிகள் விற்கிற கடையின் நிழலில் நின்றான்.

கமில் யார்? பள்ளித் தோழர்கள், பட்டாளத்தில் கூட இருந்தவர்கள், பழைய வேலையிடத்துக்காரர்கள் என்று லுபோஷ் சொன்ன பேர்களையெல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தான். அதில் அந்தப் பேர் இல்லை. தன்னுடைய பழைய கதை முழுவதையும் ராதிம் முதல் வருடமே சொல்லி முடித்துவிட்டான், பல்மருத்துவரின் உதவியாளன் வரைக்கும். லுபோஷ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'எனக்கு அப்படிப் பெருசா ஒண்ணும் இல்ல' என்றான். ராதிம் நம்பினான். நம்பியதோடு, பாவம் என்றும் நினைத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து லுபோஷ் வெளியே வந்தான். இடமும் வலமும் தேடினான். பிறகு எதிரே பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். வண்டி எதுவும் வரவில்லை, சாலை காலியாகக் கிடந்தது, இருந்தும் அவன் உடனே கடந்து வரவில்லை.

"ஏன் இங்க வந்து நிக்கிற?" என்றான், கிட்டே வந்ததும்.

"வேற எங்க நிக்கச் சொல்ற? டிக்கெட் உங்கிட்ட இருக்கு."

"இங்கதான் நானும் நின்னேன்," என்றான் லுபோஷ். "அப்ப இது செருப்புக் கடை."

அங்கேயே, குழந்தை வண்டிகளின் முன்னால், அவன் சொன்னான். கம்யூனிச ஆட்சி விழுந்து, எல்லை திறந்து எட்டு மாதம் ஆகியிருந்த ஆகஸ்ட். லுபோஷுக்கு இருபது வயது, கமிலுக்கும் இருபது. ப்ர்னோவில் ஒரே தொழிலாளர் விடுதியில் ஒரே அறை. பகலில் நண்பர்கள், விளக்கணைத்தால் நண்பர்களுக்கும் மேலே, ஆனால் அதற்கு இருவரும் பேர் வைக்கவில்லை. எங்கிருந்தோ கிழித்தெடுத்த ஒரு பத்திரிகைத் துண்டில் கமில் இந்த விலாசத்தை வைத்திருந்தான். பஸ் ஏறி வந்தார்கள். கதவு வரைக்கும் வந்ததும் லுபோஷுக்குக் கால் வரவில்லை.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, உள்ள எப்படி இருக்குன்னு, நான் இங்கயே நிக்கிறேன்னு சொன்னேன். ரெண்டு மணிக்கு உள்ள போனான். ஏழு மணி வரைக்கும் நின்னேன். கடைசி பஸ்ஸ விட்டா அன்னிக்கு வேற போக்கு இல்ல. மணி அடிச்சுக் கேக்கவும் துணிச்சல் இல்ல. ஏறிப் போயிட்டேன். அவன் திரும்பி வரவே இல்ல. ரூமுக்கும் வரல, ஊருக்கும் வரல. அவனுக்கு நான் வேணாம்னு ஆயிருச்சு, அவ்வளவுதான்னு இத்தன வருஷமும் நெனச்சுட்டு இருந்தேன்."

"சரி, அதுக்கு இன்னிக்கு எதுக்கு அழுத?"

லுபோஷ் தன் ஷூவின் முனையைப் பார்த்தான். "போல்டிக்கு அவனத் தெரியும். நாலு வருஷம் இங்க துண்டு குடுக்கற வேல பாத்திருக்கான். அன்னிக்கு நாலு மணிக்கே வெளிய வந்தானாம். என்னையக் காணமாம். எதுத்த தெரு முழுக்கத் தேடிட்டு, இவன் என்னைய விட்டுட்டுப் போயிட்டான்னு திரும்ப உள்ள போயிட்டானாம். அந்தக் கதையச் சொல்லாத நாள் கெடையாதாம்."

"நீ ஏழு மணி வரைக்கும் நின்னேன்னியே?"

"நாலு மணிக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த மொனைக்குப் பின்னாடி ஒரு சந்து இருந்தது. ஆளில்லாத இடமாப் பாத்துப் போயிட்டு வந்தேன். பத்து நிமிஷம் ஆயிருக்கும்."

ராதிமுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு இடம் கொடுக்காமல் கேட்டான்: "அப்ப என் பொறந்தநாளுக்குன்னு சொன்னது?"

"உனக்காகவும்தான்."

அந்த 'உம்'மை ராதிம் விடவில்லை. "உனக்காக'வும்'. நல்லாருக்கு. பதினேழு வருஷமா எனக்காக'வும்'தானா?"

"தனியா வர என்னால முடியல. நீ கூட இருந்தா உள்ள போயிருவேன்னு தோணுச்சு. போயிட்டேன். அவ்வளவுதான் ராதிம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? அந்தக் கெழவன்கிட்டச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல?"

"செக்ல வரல," என்றான் லுபோஷ். "பலதடவ முயற்சி பண்ணேன். நம்ம அடுப்படில உக்காந்து அதச் சொல்ல வாயே வரல. இங்க வேற பாஷைல யாருக்கோ நடந்த மாதிரி சொல்லிட்டேன்."

"நாலு மணிக்கு நீ இங்க நின்னிருந்தா, நான் இப்ப எங்க இருந்திருப்பேன்?"

லுபோஷ் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். ஒரு பொய் போதும், ராதிம் அதற்காகத்தான் கேட்டான். "தெரியல," என்றான் லுபோஷ்.

கமில் உயிரோடிருந்தான். ட்ராமில் இருபது நிமிடத் தொலைவில், ஓட்டக்ரிங் பக்கம், மீன்தொட்டிக் கடை வைத்திருந்தான். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மூடுவான் என்று போல்டி சொல்லியிருந்தார்.

"நான் போகப் போறதில்ல," என்றான் லுபோஷ்.

"நான் போறேன்."

"நீ எதுக்கு?"

"மூஞ்சியப் பாக்கணும்."

லுபோஷும் பின்னாலேயே ட்ராம் ஏறினான். ஓட்டுகிறவள் நிறுத்தத்துக்கு முன்பாகவே வேகத்தைக் கொன்று, கடைசியில் ஒரு முறை வெடுக்கென்று பிரேக் பிடித்தாள். மற்ற நாளாக இருந்தால் ராதிம் அதைப்பற்றி லுபோஷிடம் கால்மணி நேரம் பேசியிருப்பான். கடை ஒரு திருப்பத்தில் இருந்தது. லுபோஷ் ட்ராம் தண்டவாளத்துக்கு இந்தப்பக்கம், அடைத்திருந்த ரொட்டிக் கடையின் படியருகே நின்றுகொண்டான். "நீ போ," என்று மட்டும் சொன்னான். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னபோது அவன் முகம் இருபது வயதுக்காரனின் முகமாக இருந்தது. அந்த முகத்தை ராதிம் பார்த்ததே இல்லை. வேறொருவன் பார்த்திருக்கிறான்.

கடைக்குள் ஈரப் பாசி வாசனை, நூறு காற்றுக்குழாய்கள் ஒரே நேரத்தில் கொப்பளிக்கும் சத்தம். ராதிம் மனதுக்குள் உயரமான, எலும்பு தெரிகிற அழகான ஒருவனை வரைந்து வைத்திருந்தான். ஏணியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கியது குட்டையான ஒரு மனிதன். ரப்பர் ஏப்ரன், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் சின்ன வலை. தலையில் நாலு முடி.

ராதிம் தனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வணக்கத்தைச் சொன்னான்.

"செக்கா?" என்றான் கமில், செக்கிலேயே. "அந்த வணக்கத்துலயே தெரிஞ்சு போச்சு. கஷ்டப்பட வேணாம். மீன் வேணுமா, இல்ல வெயிலுக்கு ஒதுங்குனீங்களா?"

"மீன்தான்."

"எதுக்கு? தொட்டி எவ்வளவு பெருசு?"

"தொட்டி இன்னும் வாங்கல. வீட்ல ஒருத்தர் இருக்காரு. அவருக்குக் குடுக்க. அதிகம் பேச மாட்டாரு."

"பேசாத ஆளுக்கு மீனா? நல்லா ஒத்துப் போகும். ரெண்டுல யாரு மொதல்ல வாயத் தொறக்கறாங்கன்னு நீங்க உக்காந்து பாத்துட்டே இருக்கலாம்."

ராதிம் சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் தன்மேல் ஆத்திரம் வந்தது. வெறுப்பதற்கென்று இருபது நிமிடம் ட்ராமில் வந்தவனுக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனது. லுபோஷுக்கு ஏன் பிடித்தது என்றும் புரிந்துபோனது. அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

"எந்த ஊரு?" கமில் ஒரு தொட்டிக்குள் வலையை விட்டுக்கொண்டே கேட்டான்.

"ப்ர்னோ."

வலை நீருக்குள் அசையாமல் நின்றது. ஒரு மீன் தானாகவே அதற்குள் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வந்துவிட்டது.

"நான் அங்கதான் இருந்தேன். முப்பத்து நாலு வருஷமாச்சு. ஒரு தடவகூடப் போகல."

"யாரும் இல்லயா அங்க, உங்களுக்கு?"

"இருந்தான் ஒருத்தன்." கமில் மீனைப் பிடித்தான். பாலிதீன் பைக்குள் நீரோடு சேர்த்து விட்டான். வெளிர் ஆரஞ்சு நிறம், வால் அதன் உடம்பைவிடப் பெரியது. "காத்திருக்கத் தெரியாதவன். அவன் மட்டும் அன்னிக்கு நிக்கிறேன்னு சொன்ன எடத்துல நின்னிருந்தா, நான் அவனோடயே பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பேன். இந்த மீனெல்லாம் வேற எவனாவது வித்துட்டு இருப்பான்."

பையின் வாயைத் திருகி, ரப்பர் வளையம் மாட்டினான். அதைச் செய்துகொண்டே, ராதிமின் கால்சட்டையைப் பார்த்து, "கச்சேரிக்கு வந்தீங்களா?" என்று கேட்டான்.

லுபோஷ் நின்றான் என்று ராதிம் சொல்ல வேண்டும். ஏழு மணி வரைக்கும் நின்றான், பத்து நிமிடம் மட்டும் சந்துக்குள் போயிருந்தான் என்று. மொத்தமே பத்து வார்த்தை. இந்த உலகத்தில் இரண்டு பேரின் கதையும் சேர்ந்து தெரிந்தவர்கள் போல்டியும் லுபோஷும் தானும்தான். அதிலும் இந்தக் கடைக்குள் நிற்பது தான் ஒருவன் மட்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சவுனாவில் குடித்திருக்க வேண்டிய தண்ணீரைக் குடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"கச்சேரிக்குத்தான்," என்றான்.

"மூணு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள ஊருக்குப் போய்ச் சேந்துருங்க. வெயில்ல பிடிக்காதீங்க." நோட்டை வாங்கிக்கொண்டு சில்லறை கொடுத்துவிட்டு, கமில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "நானும் மூடற நேரம்தான். வாங்க."

ராதிம் பையோடு நடைபாதையில் இறங்கினான். எதிரே, தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம், லுபோஷ் படியருகிலிருந்து இரண்டடி முன்னால் வந்திருந்தான். வெயிலுக்குக் கையைப் புருவத்தின்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, ராதிமின் முகத்தைத் தேடினான். என்ன ஆயிற்று, என்ன சொன்னான் என்று தலையை மட்டும் ஒருமுறை அசைத்துக் கேட்டான்.

பின்னால் கதவுமணி குலுங்கியது. கமில் நீளமான கொக்கித் தடியோடு வெளியே வந்திருந்தான். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஷட்டரின் வளையத்தில் கொக்கியை மாட்ட முயன்றான். முதல் தடவை தவறியது. வலிக்கிற முழங்காலை மடக்காமல், நுனிக்காலில் எம்பினான்.

இடப்பக்கத் திருப்பத்தில் ட்ராம் ஒன்று தலை காட்டியது. தண்டவாளத்தின் விளிம்பில் நிற்கும் லுபோஷைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் மணி அடித்தார். அந்த மணியை அடிக்கிறவர்களின் எரிச்சல் ராதிமுக்கு நன்றாகத் தெரியும். லுபோஷ் பின்வாங்கவும் இல்லை, கடக்கவும் இல்லை. கொக்கி வளையத்தில் விழுந்த சத்தம் ராதிமின் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பையை வெயிலிலிருந்து மறைக்க நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். உள்ளே ஆரஞ்சு மீன் தன் பெரிய வாலை மெதுவாக இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, முதலில் கடைப்பக்கம் பார்த்து நின்றது, பிறகு தெருப்பக்கம்.